மதிலுக்குள்ள ஒஸ்டின்

…அதுக்காக என்ட சோத்துப் பானைக்குள்ள போட்டா அவிக்கிற? நீயே செல்லு புள்ள. கார்ட காபரேட்டராம். சுடுதண்ணியில அவிச்சாத்தான் ஊத்தை கழருமாம். அண்டைக்கு ராச் சோத்துல ஒரே பெற்றோல் மணம். எங்கட மனிசன் ரெண்டாவது தரமும் போட்டுத் திண்டாரு.

இரி, இரி. ஏன் எழும்புற? உன்ட ஷரிபுதீன் இப்ப வரமாட்டாரு. அக்கரைப்பத்துல இரிந்து கார் பாக்க வந்தவரு உடனே திரும்புவாரா? கேக்குதா, மதிலுக்கு அங்கால எல்லாரும் ஒரே நேரத்துல கதைக்கிற? இப்ப சத்தம் அடங்கும் பாரு… அடங்கிட்டு. இவங்கட கூட்டாளி பளீல் மாஸ்டர் கார் போனட்டுல காதை வெச்சிட்டாரு. எஞ்சின் சத்தத்தக் கேட்டு 'மாஷா அல்லாஹ்' எண்டு கண்ண மூடுவாங்களாம். என்ட மகள் நஸீறா பொறந்த அண்டு எங்கட மனிசன் 'சுகமா' எண்டு மட்டுந்தான் கேட்டாரு.

நீ புதுசா கலியாணம் முடிச்சவ, உனக்கு விளங்காது. ரோடு முழுக்க ஜப்பான் வான் ஓடித் திரியிற காலம். இவங்களுக்கு அந்தக் காலத்து ஒஸ்டின் கார் வேணும்! பதுளையில ஆரோ தோட்டத்துத் துரைட காராம். காரெண்டா செல்ற? லொறியில வந்து இறங்கினது சாக்குச் சாக்கா இரும்பும் ஒரு வெறுங்கூடும். அதுக்குள்ள என்ட கோழி முட்டையிட்டிச்சி.

மறுகா ஒரு தகரக் கொட்டில். அதுக்குப் பேர் கராஜ். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட படை வரும். வந்தா சும்மா பாத்திட்டுப் போகத் தெரியுமா? ஒருத்தர் கதவு சரியில்லயெண்டு கழட்டி வெச்சிட்டுப் போவாரு. அடுத்த கிழமை மத்தவரு வந்து பூட்டுவாரு. எல்லாருக்கும் தேத்தண்ணி ஆரு? நான். குமர்ப் புள்ள இரிக்கிற ஊடு இது. நானும் புள்ளையும் கிணத்தடிக்கு எத்தின நாளைக்கு முக்காட்டப் போட்டு ஓடுற?

அதான் மதில் கட்டின. ஊடு வளவு என்ட பேர்ல, உம்மா சீதனமாத் தந்த. ஆரும் கேள்வி கேக்கேலா. கிணத்தடிக்கும் கொட்டிலுக்கும் நடுவுல நல்ல உயரமா ஒரு மதில். அவங்க வாறதுக்கு ஒழுங்கைப் பக்கம் சின்னக் கதவொண்டு. மேசன் கல்லு அடுக்கக்குள்ள இவரு காருக்கு அடியில கிடந்தாரு. வெளிய வந்து பாத்தாரு. 'நல்ல நிழல்' எண்டாரு.

அந்த ஒடுக்கமான ஒழுங்கையில சைக்கிளே சரிஞ்சிதான் போகும்.

ஓம், சிரி. அந்தக் கார் ஒரு நாளைக்கி ஓடுமெண்டு எனக்கென்ன தெரியும்? வந்த மாதிரியே சாக்குல போகுமெண்டு நினைச்சன்.

இப்ப ஓடுது. வாற கிழமை நஸீறாட கலியாணம். மாப்பிள்ளைய ஒஸ்டின்லதான் கூட்டி வருவமெண்டு சாய்ந்தமருது ஊரு முழுக்கச் செல்லிட்டு வந்திரிக்காரு இவரு. மதில ஒடைக்கட்டாம். சுண்ணாம்பு காயல்ல, ஒடைக்கவா? அதுக்குள்ள சுவரு இடிக்கிற அலவாங்கும் காணல்ல. மூணு நாளாத் தேடுறாரு. பக்கத்து ஊட்டுல வாங்கட்டா எண்டாரு. 'கலியாண ஊட்டுக்கு அலவாங்கு இரவலா? என்ன நினைப்பாங்க?' எண்டன். திரும்பவும் கொட்டிலுக்குள்ள தேடப் போயிட்டாரு.

பளீல் மாஸ்டர் வேற வழி செல்லிரிக்காரு. மாப்பிள்ளை ஒழுங்கையால நடந்து வந்து, மதிலுக்குள்ள கார்ல ஏறி, அங்கயே இறங்குறதாம்! மாப்பிள்ளை ஊட்டார் சிரிச்சா அந்தச் சிரிப்பக் காலத்துக்கும் கேக்கிறது ஆரு? என்ட புள்ள. கவலையில எனக்கு ஒண்டும் ஓடுதில்ல. நஸீறாட கட்டிலுக்கெண்டு மருதமுனையில நெய்விச்ச துணியையும் எங்கயோ வெச்சிட்டன்…

அசர் வாங்கு செல்றாங்க. ஆம்பிளையள் பள்ளிக்குத் தொழப் போறாங்க போல, சத்தத்தக் காணல்ல. பொறு, முறுக்கு எடுத்திட்டு வாறன்.

…புள்ள? எங்ககா போன? ஒழுங்கைக் கதவு திறந்து கிடக்கு… அல்லாவே, இஞ்சயா வந்து கார்ல ஏறி இரிக்கிற! இறங்கு, இறங்கு.

சரி, இரி. அங்கால தள்ளு. நானும் இதுவரைக்கும் ஏறினதில்ல.

இது… நஸீறாட துணியெல்லா? அட மனிசா. சீட்டுக்கா தைச்சிரிக்காரு! …தையல் ஒழுங்காத்தான் இரிக்கி. மெத்தெண்டும் இரிக்கி. மாப்பிள்ளை இந்தப் பக்கம் இரிந்தா… ம்.

இஞ்ச கேளு. உன்ட மனிசன் வந்ததும் காதுல போடு. கோழிக்கூட்டுக்குப் பின்னால, ஓலைக்குக் கீழ, அலவாங்கு கிடக்கு. நான் சென்னதாச் செல்லாத. அவங்களாத் தேடிக் கண்டெடுத்ததா இரிக்கட்டும்.