முன்னால் ஆரஞ்சு, பின்னால் வெள்ளை

ஹெலிகாப்டர் விற்பதில் லாபம் ஒன்றும் நிற்காது, ஐயா. அதன் காலில் கட்டுகிற குச்சியை விற்பதில்தான் என் பிழைப்பு ஓடியது.

ரிமோட்டில் பறக்கிற ஹெலிகாப்டரைச் சொல்கிறேன். பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள், என் வாடிக்கையாளர்களுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். புதிதாகக் கற்பவன் முதல் நாளே அதைக் கவிழ்ப்பான். கவிழ்ந்தால் மேலே சுற்றுகிற பிளேடு தரையில் அடித்து நொறுங்கும். அதற்காக, இரண்டு நீளக் குச்சிகளைக் குறுக்காகப் போட்டு அதன் காலில் கட்டிவிடுவோம். நான்கு முனையிலும் நான்கு பந்து. எப்படிச் சாய்ந்தாலும் ஏதாவது ஒரு பந்து தாங்கிக்கொள்ளும். பெட்டியில் டிரெய்னிங் கியர் என்று போட்டிருக்கும். எங்கள் கடையில் அதற்குக் குச்சிப்பந்து என்று பெயர். எனக்கும் 'குச்சி' என்றுதான் பெயர். அது கட்டாமல் யாரையும் தரையைவிட்டு எழும்ப விடமாட்டேன்.

"குச்சியெல்லாம் எதுக்குங்க, நான் லாரியே ஓட்டியிருக்கேன்" என்பார் ஒருவர்.

"வேணாம்னா விடுங்க. கவுந்துட்டா திரும்ப எங்கிட்டதான் வரப் போறீங்க. எனக்கென்ன, வியாபாரம்தானே" என்பேன்.

மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு போவார். துணிக்கடைக்காரர் மகன் நான். கடைக்குள் நுழைகிறவன் துணி வாங்க வருவதில்லை, ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தோடு வருகிறான். அந்தப் பயத்தைத் தடவிக்கொடுத்தால் போதும், கை தானாகப் பைக்குள் போகும் என்பது எங்கள் அப்பாவின் கணக்கு. அதை நான் நன்றாகவே படித்துக்கொண்டேன். பயம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நானே பெரிய பயந்தாங்கொள்ளி.

தண்ணீர் போதும், ஐயா. இன்னும் வேண்டுமென்றால் யாரையாவது அனுப்புங்கள். நீங்கள் எழுந்து போகவேண்டாம்.

என் பயம் பிளேடு பற்றியது இல்லை. தனியாக இருப்பதைப் பற்றியது. அம்மா அப்பா போனபின் அக்காதான் எனக்கு எல்லாம். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது நானும் கூடவே போனேன். வீட்டுக்குக் கீழே என் கடை, மேலே அவர்கள், அங்கேயே பின்னறையில் நான். ஒருமுறை அவர்கள் இருவரும் வெளியூர் போனார்கள். நட்டநடுப் பகல். கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட மேலே ஏறினேன். கதவைத் திறந்ததும் சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. குழாய்தான் என்று தெரியும். இருந்தும் உள்ளே கால் வைக்க முடியவில்லை. யாரோ அங்கே நின்றுகொண்டு, நான் வருவேன் என்று சத்தமில்லாமல் காத்திருப்பதுபோல இருந்தது. அவர்கள் திரும்பி வரும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர் கேட்டதற்குச் சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னேன். சாவி கையில்தான் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகச் சாப்பிடுவார். வீட்டில் அவர் இருக்கிறார் என்று எந்த மூலையில் இருந்தாலும் தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. ஊர் முழுக்கக் கண்ணாடி மாட்டியவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் எவன் கடைக்கு வருவான்? அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும். மெல்லிசானதெல்லாம் அவருக்கு மறைந்துவிடும். நூல், கம்பி, மீன்முள் எதுவும் தெரியாது. நிறம் மட்டும் தெரியும்.

கடையை விற்றுவிட்டுக் கடற்கரையோரம் இருக்கிற தன் அண்ணன் ஊருக்கே போய்விடுவது என்று போன வருடம் முடிவு செய்தார். அங்கே வீட்டுக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி இருக்கிறதாம். ஓய்வில் பறக்கவிட ஒரு ஹெலிகாப்டர் வேண்டும் என்றார்.

"அங்கே கத்துக்கொடுக்க ஆள் கிடையாது, மச்சான். இங்கேயே கத்துக்கிட்டுதான் நகருவேன். என்னிக்கு இந்தக் குச்சியைக் கழட்டிட்டு ஒழுங்கா ஏத்தி எறக்கறேனோ, அன்னிக்கே பெட்டி கட்டிடுவோம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அன்று மாடிப்படியில் நின்றபோது இன்னொன்றும் என் காதில் விழுந்தது.

"அவனையும் கூட்டிட்டுப் போலாமில்ல?" என்றாள் அக்கா.

"எதுக்கு? நாப்பத்தஞ்சு வயசு ஆளு. இடுப்புல தூக்கி வெச்சுக்கப் போறியா?"

அக்கா சிரித்தாள். அது அவருக்காகச் சிரித்த சிரிப்பு. அவளுக்குப் போக விருப்பமே இல்லை என்பது எனக்குத் தெரியும். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினாள். உள்ளே அழுகிறவர்கள் அப்படித்தான் பாடுவார்கள்.

ஊருக்கு வெளியே மூடிப்போன கிடங்கு ஒன்றின் பின்னால் அகலமான சிமெண்ட் தரை இருக்கிறது. விடுமுறை நாட்களில் அங்கேதான் கற்றுக்கொடுப்பேன். அத்தானுக்கு முதலில் சின்ன ஹெலிகாப்டர் கொடுத்தேன். அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பெரியதாகப் பார்த்துக் கொடுத்தேன், பிளேடே என் கை நீளம் வரும். குச்சிப்பந்தையும் அவருக்கென்றே செய்தேன். முன்னால் இரண்டு ஆரஞ்சுப் பந்து, பின்னால் இரண்டு வெள்ளை. உடம்பும் வாலும் அவருக்கு ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். பந்துகளைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். இதை யார் செய்வார்கள், சொல்லுங்கள். அந்த அளவுக்கு அவர்மேல் எனக்கு அக்கறை இருந்தது.

ஹெலிகாப்டரைப் பார்த்து ஓட்டவேண்டும், பந்தைப் பார்த்து ஓட்டக்கூடாது. குச்சி கட்டிப் பழகியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. மற்றவர்களை உடனே திருத்துவேன். அத்தானைத் திருத்தவில்லை.

அவர் சீக்கிரம் தேறிவிட்டார். அதுதான் கஷ்டம். கழற்றலாமா என்று கேட்கும்போதெல்லாம் காற்று அதிகம் என்றேன், பேட்டரி பழசு என்றேன், ஒரு பந்தில் விரிசல் என்று சொல்லி மாற்று வரவழைக்க நாள் கடத்தினேன். பேரம் பேசுவதுபோலத்தான். கடைசியில் அவர் என் தோளில் கை போட்டுச் சிரித்தார்.

"மச்சான், குச்சி எனக்கா, உனக்கா?"

நானும் சிரித்தேன். அன்று ராத்திரி பின்னறையில் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பெட்டியும் நகரும்போது ஒரு அறை காலியாவதுபோலவும், அந்தக் காலி அறையில் யாரோ வந்து நிற்பதுபோலவும் இருந்தது.

ஒரு விஷயம் உங்களுக்குப் புரியவேண்டும். ஹெலிகாப்டரின் வால் நம் பக்கம் இருந்தால், ரிமோட்டின் வலது கைப் பிடியை முன்னால் தள்ளினால் அது நம்மைவிட்டு விலகும். இழுத்தால் நம்மிடம் வரும். மூக்கு நம் பக்கம் இருந்தால் எல்லாம் தலைகீழ். இழுத்தால் விலகும், தள்ளினால் வரும். கற்றுக்கொள்வதிலேயே கஷ்டமான பாடம் இதுதான். இதைத்தான் கடைசியாகச் சொல்லிக்கொடுப்பேன்.

அந்தச் சாயங்காலம் அக்காவும் வந்திருந்தாள். குச்சி கழற்றுவதைப் பார்க்கவேண்டும் என்று வந்தவள், காரில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் கிடங்குச் சுவர் ஓரமாக ஹெலிகாப்டரைத் தயார் செய்தேன். பந்துகள் வெறும் அழுத்தத்தில் நிற்பவை. பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஆரஞ்சைப் பின்னால் செருகினேன், வெள்ளையை முன்னால் செருகினேன். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய், வால் அத்தான் பக்கம் இருக்கும்படி வைத்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்டே. அவருக்குத் தெரியவேண்டுமே. வெயில் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"இன்னிக்கு மூக்கு உங்க பக்கம், அத்தான். இது ஒண்ணு வந்துட்டா குச்சியைக் கழட்டிடலாம்."

"பேச்சு மாற மாட்டியே? உன் வாய் வியாபாரி வாயாச்சே."

"அக்கா மேல சத்தியம்."

"சரி, ஆரஞ்சு என் பக்கம் தெரியுது. என்னைப் பாத்து வந்துச்சுன்னா?"

"இழுங்க. எவ்வளவு கிட்ட வந்தாலும் இழுங்க. பயந்துபோய்த் தள்ளிடாதீங்க."

மோட்டாரை உடனே நிறுத்துவதற்கு ரிமோட்டின் மேல் ஒரு சுவிட்ச் உண்டு. மற்றவர்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும். அத்தானுக்கு ஆரம்பத்தில் ஒருமுறை சொல்லியிருந்தேன்.

ஹெலிகாப்டர் இடுப்பு உயரம் எழும்பியது. பெரிய பிளேடின் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். விசிறிச் சத்தம் இல்லை அது. காற்றையே அறுக்கிற சத்தம், நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் பயந்தேன், கல்நெஞ்சுக்காரன் இல்லை. காற்று லேசாக அவர் பக்கம் அடித்தது. ஹெலிகாப்டர் ஒரு முழம் அவரை நோக்கி நகர்ந்தது. சொல்லிக்கொடுத்தபடி அவர் பிடியை இழுத்தார். அது இன்னும் வேகமாக அவரிடம் வந்தது.

"மச்சான், வருதுடா" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை.

"இழுங்க" என்றேன்.

காரிலிருந்து அக்கா கத்தினாள். "தள்ளுங்க. தள்ளுங்க. அது வாலு."

அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகுதான் சொன்னாள். கடையின் பின்பக்கத்தில், கம்ப்யூட்டரில் பறக்கவிட்டுப் பழகுகிற வசதி ஒன்று இருக்கிறது. மத்தியானம் நான் கண் அசருகிற நேரமெல்லாம் அவள் அதில் உட்கார்ந்து பழகியிருக்கிறாள். அந்த ஊருக்குப் போனபின் அத்தானுக்கு ஆச்சரியமாகக் காட்டலாம் என்று. எங்கள் இருவரையும்விட அவளுக்குத்தான் நன்றாக வந்திருக்கிறது. கண்ணும் நல்ல கண்.

அத்தான் ஒரு கணம் தடுமாறினார். ஒரு பக்கம் நான் இழு என்கிறேன், இன்னொரு பக்கம் அவள் தள்ளு என்கிறாள். அவர் பந்தைப் பார்த்தார். ஆரஞ்சு முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. பிறகு என் பேச்சைத்தான் கேட்டார். அடிவரைக்கும் இழுத்தார். மனைவி ஒன்று சொல்லி நான் ஒன்று சொல்லி, அவர் என்னை நம்பினார், ஐயா.

அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சத்தம் நின்றதும் அந்த இடம் ரொம்ப அமைதியாக இருந்தது. எனக்குப் பயமே அந்த அமைதிதான். அக்கா ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பந்துகளைப் பழையபடி மாற்றிச் செருகினேன். மூன்றுதான் கிடைத்தன. நாலாவதைத் தேடிக்கொண்டே திரும்பினேன். அக்கா தலை நிமிர்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா தேடறே?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் அவர் தலையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

சும்மா கொஞ்சம் பயம் காட்டலாம் என்றுதான் செய்தேன், மிரண்டுபோய்க் குச்சியைக் கழற்றாமலே இருந்துவிடுவார் என்று நினைத்தேன் என்று உங்கள் ஆளிடம் காலையில் சொன்னேன். அது விலை இறக்கிச் சொன்னது, ஐயா. அந்தப் பிளேடு என்ன வேகத்தில் சுற்றும், எதை எப்படி அறுக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் கிடையாது. அவர் சாகவேண்டும் என்றுதான் வைத்தேன். அவர்மேல் கோபம் எல்லாம் இல்லை. அவர் சாகாமல் அக்காவை இங்கே நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நிறுத்தியும்விட்டேன். கட்டிய பெட்டிகளை அவள் பிரிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. நேற்று உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து என்னைப் பற்றிச் சொன்னாள் என்கிறீர்கள். துக்கத்தில் இருக்கிறவள் எதையாவது சொல்லத்தான் செய்வாள், அதை நான் மனதில் வைத்துக்கொள்ளமாட்டேன். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் தன் அறைக் கதவுக்கு உள்பக்கமாக ஒரு பெரிய தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டாள். நானே கடைக்குப் போய் நல்ல கனமானதாகப் பார்த்து வாங்கி, நானே திருகிக் கொடுத்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கு வைத்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். பிறகு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பதும் கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் கை எட்டுகிற தூரத்தில் நான் இருக்கிறேன். அப்படியும் அவளுக்கு யாரைக் கண்டு அவ்வளவு பயம் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.