வாயைப் பொத்திய கை

ஓடுகிறோம். தூரத்தில் 'டுப்' என்கிறது. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. ஒன்பதுக்குள் ஷெல் விழும். ஏழில் பங்கர் குழிக்குள் குதிக்கிறோம். நிலம் தூக்கிப் போடுகிறது. பிள்ளை வீரிடுகிறாள்.

"பிள்ளையின்ர வாயைப் பொத்துங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். என் மனைவி பொத்துகிறாள். வன்னியில், மகள் பிறந்து பதினெட்டாம் நாள். கிழமை, தேதி எதுவும் எனக்குத் தெரியாது. பிள்ளையின் வயதுதான் எங்கள் நாட்காட்டி.

சத்தம் கேட்டால் அடிப்பான் என்றார்கள். நம்பினோம். ஒன்பது எண்ணும் தூரத்தில் நின்று ஷெல் அடிப்பவனுக்குப் பச்சைப் பிள்ளையின் அழுகை கேட்குமா? எண்ணியவன் நான். எனக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா? அடித்தவன்மேல் உள்ள ஆத்திரம் ஒருநாளும் அடங்காது. என்மேல் உள்ளதும் அடங்கவில்லை.

இருபத்தாறாம் நாள் மனைவி தண்ணீர் எடுக்கப் போனாள். டுப். ஒன்பது. அவள் திரும்பவில்லை. என் அக்கா மாவைக் கரைத்துப் புகட்டினாள். என் கை பொத்தியது. நாற்பதாம் நாள் பொத்தத் தேவையில்லாமல் போனது. மகள் தானாகவே வாயை மூடிக்கொண்டாள். கெட்டிக்காரி என்றோம்.

கடல் கடந்து தூத்துக்குடிக்கு வந்தபோது அவளுக்கு எட்டு மாதம். அக்காவும் நானும் அவளும்தான் மிச்சம். முகாமில் ஓர் அறை. எனக்கு உப்பளத்தில் வேலை. மகள் பசித்தால் அழமாட்டாள். ஊசி போட்டாலும் அழமாட்டாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும் விரல்களை இறுக்கிக்கொண்டு விறைப்பாள். மீன் கொண்டுவரும் ஜெபமாலை அக்காவிடம் மெச்சினாள். "தங்கமான புள்ளளா. அழவே மாட்டேங்கா." முகாமே மெச்சியது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமாவது, மண்ணாவது! அழுதால் ஆள் வராது, கைதான் வரும் என்று தெரிந்துகொண்ட பிள்ளை அவள்.

ஒருநாள் அக்கா ஜெபமாலையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் மீன்கூடையை இறக்கிவைத்தாள்.

"அப்ப, அழாட்டாலும் நாமதாம்ளா தூக்கணும்" என்றாள்.

அன்றிலிருந்து கப்பல் ஊதினால், எங்களில் பக்கத்தில் இருப்பவர் அவளைத் தூக்கிக்கொள்வார். அதற்காக அக்கா கூலிக்குப் போவதை விட்டாள். ஜெபமாலை மீன் கையோடு தூக்கினாள். முதலில் மகள் கட்டைபோல் கிடந்தாள். மாதங்கள் போயின. பிறகு எங்கள் சட்டையைப் பிடிக்கத் தொடங்கினாள்.

இரண்டேகால் வயதில் வாசலில் விழுந்தாள். முட்டி கிழிந்தது. என்னைப் பார்த்தாள். வீரிட்டு அழுதாள். பக்கத்து அறைப் பெண், அவளும் வன்னிக்காரி, பதறி ஓடிவந்தாள். அவள் கை நேராகப் பிள்ளையின் வாய்க்குப் போனது.

"பொத்தாதேங்கோ!"

நான் கத்திய கத்தில் அவள் விலகிப்போனாள். மகளைத் தூக்கிக்கொண்டேன். அழுது தீரட்டும் என்று விட்டேன். நானும் அழுதேன்.

இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். வாய் ஓயாத சண்டைக்காரி. போன மாதம் ஓர் அதிகாரி படிவம் கொண்டுவந்தார். போரில் இழந்த ஆட்கள், இழந்த பொருட்கள். எழுதினேன். மனைவி. அம்மா. அக்காவின் கணவர். அவர்களின் இரண்டு மகன்கள். வீடு. இரண்டு பசு. பிள்ளையின் அழுகை, நாற்பதாம் நாளிலிருந்து இரண்டேகால் வயதுவரை.

கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். எழுதியதில் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.