உப்புக் கிடங்கு படத்தில் பேசியவன்

நான் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை. நாற்பது வருடப் பழக்கம். வெந்நீர் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோடையிலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிகிறான் என்று சினிமாத் தெருவான சுங்முரோவில் சினிமாக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களுக்கெல்லாம் ஐம்பது வயதில் தொண்டை போய்விட்டது. எனக்கு இன்னும் இருக்கிறது.

பழைய சாவுகளை விசாரிக்கும் உங்கள் ஆணையத்தின் கடிதத்தைப் பார்த்து என் மகன்தான் பயந்துவிட்டான். எனக்குப் பயமில்லை. நாவலாசிரியர் யோம் கிசோப்பின் மனைவி ஒரே ஒரு விஷயம் கேட்கிறார், கணவர் இறந்த சரியான தேதி, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தெட்டு வருடமாக அந்த அம்மாள் டிசம்பர் பத்தொன்பதுக்குத் திவசம் வைத்து வருகிறார். இப்போது சுடுகாட்டில் வேலை பார்த்த ஒருவர், அன்று எரித்தது ஒருநாள் பிணம் இல்லை, பல நாள் ஆனது என்று சாகும்முன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தவறான நாளில் சோறும் மதுவும் படைத்தால் இறந்தவர் எப்படி வருவார் என்று அந்த அம்மாளுக்குத் தூக்கம் இல்லையாம். நியாயமான கவலைதான். என் அப்பாவின் திவசத்தை நானும் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை.

நீங்கள் சின்னப் பெண். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

'உப்புக் கிடங்கு' படத்தைத் தொலைக்காட்சியில் வருடா வருடம் போடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் தெரியும் முகம் நடிகர் மோ யூங்குடையது. குரல் என்னுடையது. அன்றைக்கு நம் படங்கள் எல்லாமே ஊமையாகத்தான் எடுக்கப்பட்டன. பிறகு எங்களைப் போன்ற ஆறேழு பேர் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து ராஜா முதல் பிச்சைக்காரன் வரை எல்லோருக்கும் பேசிவிடுவோம். மோ யூங்கின் சொந்தக் குரல் எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கும். அவருக்கு வந்த காதல் கடிதங்களில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியவை.

கதை யோம் கிசோப்பின் நாவல். இன்சோன் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா, தேர்தலுக்கு மறுநாள் உப்பு மூட்டைகளுக்கு அடியில் ஓட்டுப் பெட்டிகளைப் பார்த்துவிடுகிறான். அவனை விரட்டிப் பிடித்து, எதிரி நாடான வடக்கின் உளவாளி என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். நாவலில் கடைசிப் பக்கம்வரை அவன் ஒப்புக்கொள்வதில்லை. 'நான் பார்த்தது பெட்டிகளைத்தான்' என்பான், திரும்பத் திரும்ப. இயக்குநர் பியான் நாவலில் உள்ளபடியே எடுத்துவிட்டார். தணிக்கையில் மாட்டிக்கொண்டது. குமாஸ்தா ஒப்புக்கொண்டால் படம் வெளியே வரும், இல்லையென்றால் வராது. செட்டைப் பிரித்தாகிவிட்டது, மோ யூங்கும் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

அந்தக் காட்சி இரண்டு நிமிடம் பத்து விநாடி. உதடு மறுக்கும்போது குரல் ஒப்புக்கொள்ள வேண்டும், பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடாது. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வாயசைவுக்கும் சொல் தேடினேன். குரலுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது கிசோப் அண்ணனையே எடுத்துக்கொண்டேன். குடிக்க உட்காரும் இடங்களில் அவரை மாதிரிப் பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவன் நான். கொஞ்சம் கரகரப்பு, முக்கியமான ஒன்றைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னச் செருமல். அந்தச் செருமல்தான் காட்சியைத் தூக்கி நிறுத்தியது. ஒலிப்பதிவாளர் அழுதார். அதைவிட நல்ல வேலையை நான் செய்ததில்லை.

படம் வெளியானது எழுபத்துமூன்று நவம்பர் இருபது. முதல் நாள் பகல் காட்சிக்கு அண்ணன் வந்திருந்தார். எங்களிடம் சொல்லவில்லை. குமாஸ்தா 'நான் வடக்கின் ஆள்' என்று சொல்லும் இடத்தில் பன்னிரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து நின்றார்.

"அந்த ஆளு ஒத்துக்கல. எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா. கடைசிவரைக்கும் அவன் ஒத்துக்கவே இல்ல."

திரையிலும் அதே குரல், நாற்காலியிலும் அதே குரல். என் முன்னால் இருந்த ஒரு அம்மாள், "அட, படத்துலேர்ந்து எறங்கி வந்துட்டானா" என்றார். கொட்டகையே சிரித்தது. பிறகு யாரோ சிரிப்பதை நிறுத்தினார்கள், ஒவ்வொருவராக எல்லோரும் நிறுத்தினார்கள்.

பிறகு எதிர்த்த காபிக் கடையில் அண்ணன் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். முட்டை மஞ்சள் கரு போட்ட காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"சாங்கு, நீ ரொம்ப நல்லா பேசியிருக்கடா. அதான்டா தப்பு. மட்டமா பேசியிருந்தா ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான்."

"தொழில்னு வந்தா மட்டமா எப்படிண்ணே பேசறது?"

"அது சரி," என்றார். "என் குரல வச்சே எனக்கு ஆப்பு வச்சிட்டியே."

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. என் வாழ்நாளின் சிறந்த இரண்டு நிமிடத்தை ஊரறியப் பொய் என்று சொன்ன மனிதர் அவர். எனக்குக் கோபம் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

நான்கு நாள் கழித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் எனக்குச் சம்பந்தம் கிடையாது, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் தாக் என்பவர் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். எந்த அலுவலகம் என்று அவர் சொல்லவில்லை, அந்த மாதிரி ஆட்களிடம் நாங்களும் கேட்பதில்லை. நல்ல கோட்டு, நல்ல பேச்சு.

"ப்யோ சாங்கு சார், உங்க பரம ரசிகன் நான். சின்னதா ஒரு டப்பிங் இருக்கு. கிசோப் சாருக்குத் தொண்ட வீங்கிப் போச்சு, பேச முடியல. அவரு சம்சாரம் பாவம், தெனமும் எங்க வாசல்ல வந்து நிக்குது. குளிர்ல விறைச்சுப் போயிடும். நீங்க போன்ல ரெண்டு வார்த்த பேசினா நிம்மதியா வீட்டுல இருக்கும்."

நவம்பர் கடைசியில் யாருக்கும் தொண்டை வீங்கும். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை.

அண்ணனின் மனைவி சுன்ரே அண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வெறுமனே வாசலில் நிற்கவில்லை. ஒரு கையில் பஞ்சு வைத்துத் தைத்த உள்ளாடை மூட்டை, மறு கையில் அண்ணனை விடச்சொல்லிக் கையெழுத்து வாங்கும் தாள். வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர், வக்கீல் இருவர் என்று கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. தாக்கின் தலைவலி குளிர் இல்லை, அந்தத் தாள் என்று எனக்குத் தெரியும். நான் முட்டாள் இல்லை.

அவர்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனை அரிசிக் கடைக்குத்தான் கூப்பிட வேண்டும், கடைக்காரர் ஓடிப்போய் அண்ணியைக் கூட்டி வருவார். அதுவும் ஒரு வசதி என்றார் தாக். கடைக்காரரும் குரலைக் கேட்பார், ஊருக்கெல்லாம் சொல்வார். முதல் அழைப்பு இருபத்தொன்பதாம் தேதி. அண்ணி மூச்சு வாங்க ஓடி வந்தது எனக்குக் கேட்டது.

"என்னங்க. என்னங்க, நீங்கதானா?"

நான் செருமினேன். அது போதுமாக இருந்தது. அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார்.

"அடிச்சாங்களா? சாப்பாடு போடறாங்களா? அந்தத் துணி வந்து சேந்துச்சா?"

"வந்துச்சு. இங்க சூடாத்தான் இருக்கு. நீ இனிமே இங்க வராத. கொழந்தையப் பாத்துக்க."

"நம்ம மியோங் உங்கள என்னன்னு கூப்பிடுவா, சொல்லுங்க பாப்போம்."

கெட்டிக்காரி. தாக் எழுதிக் கொடுத்த தாளில் அதற்குப் பதில் இல்லை. தாக்குக்கு வேர்த்துவிட்டது. நான் குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்க. இங்க வச்சு அந்தப் பேரச் சொல்லச் சொல்றியா?" என்றேன். "மன்னிச்சுக்குங்க" என்றார் அண்ணி. மறுநாள் வாசலில் அவர் இல்லை. தாக் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டாவது அழைப்பு டிசம்பர் எட்டு. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற வாரம் அது, தெருவெல்லாம் கோஸ் மலையாகக் குவிந்திருக்கும். அண்ணி விசாரணையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"என்னங்க, கோஸ் எத்தன வாங்கட்டும்? வழக்கம்போல அறுபதா, இல்ல எங்க ரெண்டு பேருக்கு மட்டும் போட்டுக்கட்டுமா?"

தாக் கையை விரித்தார். என்ன வேண்டுமானாலும் சொல் என்று அர்த்தம். திரையில் உதடு அசைந்துகொண்டிருக்கும்போது வசனம் தீர்ந்துபோனால் நாங்களாகவே ஒன்றைச் சேர்த்துவிடுவோம், இடம் காலியாக இருக்கக்கூடாது. அந்தப் பழக்கம்தான்.

"அறுபதே போடு. முள்ளங்கியும் சேத்துப் போடு. வந்து சாப்பிடுவேன்ல."

அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானாகச் சொன்னது. அண்ணி சிரித்தார். கைது நடந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான் என்று கடைக்காரர் தெருவெல்லாம் சொன்னாராம். கிம்ச்சி ஜாடிகளைக் கெடாமலிருக்கத் தோட்டத்தில் அவரே குழி வெட்டிப் புதைத்திருக்கிறார். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைவாக இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அந்த மாதத்தில் நல்லது செய்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது டிசம்பர் பதினேழு. "உடம்புக்கு முடியல, நெஞ்சு வலிக்குது" என்று சொல்ல வேண்டும், சொன்னேன். "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, நீட்டற எடத்துல கையெழுத்துப் போட்டுடு. டாக்டர், வக்கீல்னு யாரையும் கூட்டிட்டு வராத. மியோங் பள்ளிக்கூடம் போகணும்ல." அண்ணி, "நீங்க சொன்னா சரிங்க" என்றார். பத்தொன்பதாம் தேதி மாரடைப்பு என்று தாள் வந்தது. உடலை அறுத்துப் பார்க்க வேண்டாம், உடனே எரிக்கலாம் என்று அண்ணி கையெழுத்துப் போட்டார். பாதிரியார் எவ்வளவோ தடுத்திருக்கிறார். "அவரே எங்கிட்ட சொல்லிட்டாரு, ஃபாதர்" என்றாராம்.

இதற்காக நான் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. தாக் ஒரு உறையை நீட்டினார், மறுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வேறொருவர் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இருபது வருடம் பேசியிருக்கிறேன். முகமே இல்லாமல், குரல் மட்டுமே ஒரு மனிதனாக நின்றது அந்த மூன்று தடவைதான். அண்ணன் கொட்டகையில் எழுந்து நின்று பொய் என்றாரே, அவர் பெண்டாட்டியே பொய் என்று சொல்லவில்லை.

இனி தேதி. அதற்கு முன் நான் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். தொண்டை வீக்கம் என்று தாக் சொன்னதை நம்பினேன் என்றேன். காலையில் நம்பினேன். மத்தியானம் நானே ஒன்று கேட்டேன். அடித்ததில் முன்பல் போயிருந்தால் பேச்சில் காற்று வரும், அண்ணி கண்டுபிடித்துவிடுவார், ஆகவே ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். தாக் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு கீழறைக்குக் கூட்டிப்போனார். போர்த்தியிருந்த துணியை மூக்குவரைதான் கீழிருந்து மேலே விலக்கினார், என் வேலைக்கு அதுவே போதும். உதட்டை நானே விரலால் தூக்கிப் பார்த்தேன். பற்கள் எல்லாம் இருந்தன. உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கால் விரலில் கட்டியிருந்த அட்டையில் நவம்பர் இருபத்தேழு, மாலை நான்கு பத்து என்று எழுதியிருந்தது.

நவம்பர் இருபத்தேழு. அதுதான் நீங்கள் கேட்ட தேதி.

ஆனால் அதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், கடிதமாகவும் அனுப்ப வேண்டாம். அண்ணிக்கு எழுபத்தொரு வயது ஆகிறது, முன்பின் தெரியாதவர்கள் சொன்னால் உடைந்துபோய்விடுவார். இப்போது அவர் வீட்டிலேயே தொலைபேசி இருக்கும், அந்த எண்ணை மட்டும் எனக்குக் கொடுங்கள். அவர் கணவரே சொல்லட்டும்.