ஒன்பதாவது இலக்கம்

தலைமையேற்றிருக்கும் விசைப்படகுச் சங்கத் தலைவர் அறிவுமதி அவர்களே, மேடைப் பெரியவர்களே, ஏலத்தை நிறுத்திவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் தேங்காய்த்திட்டு மக்களே, முன்வரிசையில் இருக்கும் அமுதவல்லி அண்ணியே!

நான் மீன் வியாபாரி. அலங்காரமாகப் பேச வராது. மறைந்த அண்ணன் அரிகிருஷ்ணனின் சட்டையைப் பிடித்தவன் நான். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை.

வேலை பார்த்த மில் மூடிய பிறகு துறைமுக வயர்லெஸ் அறைக்கு வந்தவர் அவர். வந்ததும் என்ன செய்தார்? வடக்கே எத்தனை, கிழக்கே எத்தனை என்று படகு நிற்கும் இடத்தைச் சொல்லும் எட்டு இலக்கம் போதாது, ஒன்பதாவதாக ஒன்றைச் சேருங்கள் என்றார். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் இரண்டு கூட்டல் கிடைக்கும். அவற்றின் வித்தியாசம் பூச்சியமாகவோ பதினொன்றின் மடங்காகவோ இருந்தால், முழு எண்ணும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். அப்படி வகுபடும்படி அந்தக் கடைசி இலக்கம் அமைய வேண்டும். சிரித்தோமே! "ஏண்ணே, மீன் புடிக்கப் போறவனுக்குப் பரிட்சையா வைக்கிறீங்க?" என்று கேட்டவன் நானேதான்.

மூன்று வருடத்துக்கு முன், கார்த்திகை மாதக் காலை. என் மகன் சரத்குமாரும் மூன்று பேரும் போன படகில் தண்ணீர் ஏறுகிறது. படகுகளைக் கிளப்பச் சொல்ல அண்ணன் வெளியே போயிருந்தார். வயர்லெஸ் இரைச்சலுக்கு நடுவே வந்த எண்ணைப் பலகையில் எழுதியவன் நான்: 112480364.

அண்ணன் வந்தார். பார்த்தார். ஒரு பக்கம் பதினெட்டு, மறுபக்கம் பதினொன்று. வித்தியாசம் ஏழு.

"மொதலாளி, இது அவங்க சொன்ன எண் இல்ல. படகு போவக் கூடாது."

"எம் புள்ள முழுவுறான்யா! ஒரு எண்ணுல இன்னாய்யா இருக்குது?" சட்டையைப் பிடித்தேன். பொத்தான் தெறித்தது.

"அடிக்கிறதுன்னா அடிச்சுக்கோங்க. தப்பான எடத்துக்கு அனுப்ப மாட்டேன்."

ஒன்பது நிமிடம் அண்ணன் வயர்லெஸ்ஸில் கத்தினார்! "சரத்து, திரும்பச் சொல்லு... திரும்பச் சொல்லு..." வெறும் இரைச்சல். நான்கு படகுகள் இன்ஜின் போட்டபடி நிற்கின்றன. என்னைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர்.

கடைசியில் வந்தது: 114280364. இருபது, ஒன்பது. வித்தியாசம் பதினொன்று. நாற்பத்திரண்டை நான் இருபத்துநான்காக எழுதியிருந்தேன். கடலில் அது பதினெட்டு மைல் தள்ளி! இலக்கம் இடம் மாறினால் மொத்தக் கூட்டல் மாறாது, கண்ணும் ஏமாறும். பதினொன்று ஏமாறவில்லை. ஐஸ் பெட்டியைப் பிடித்தபடி மிதந்த நான்கு பேரும் கரை வந்தார்கள். இதோ, கடைசி வரிசையில் நிற்கிறான் என் மகன்.

ஒரு வார்த்தைகூட அவர் குத்திக்காட்டியதில்லை. மறுநாள் அந்தச் சட்டையையே பொத்தான் தைத்துப் போட்டு வந்தார்.

படகு நிற்கும் இடத்தைத் தானே காட்டும் புதுக் கருவி வந்துவிட்டது, ஒன்பதாவது இலக்கம் எதற்கு என்று சங்கத்தில் பேச்சு கேட்கிறது. தலைவரே, கருவி கெட்டுப்போகிற நாளில் குரலைத்தானே நம்பப்போகிறோம்? அந்தக் குரலைச் சோதிக்க நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? இந்தக் கூட்டத்தின் முன் சொல்கிறேன், வயர்லெஸ் அறையில் அண்ணன் உட்கார்ந்த அந்த நாற்காலி காலியாக இருக்காது. ஆள் கிடைக்கும்வரை நான் உட்காருவேன்.

இன்று காலையே உட்கார்ந்தேன். வைத்திக்குப்பத்து சுப்ரமணி கடலிலிருந்து சொன்ன எண்ணை வகுத்துப் பார்த்தேன். மீதி மூன்று வந்தது.

"திரும்பச் சொல்லு," என்றேன்.

"இன்னா மொதலாளி, நீங்களுமா?"

"ஆமாண்டா, நானுந்தான். ஒவ்வொண்ணாச் சொல்லு."