எல்லாப் பக்கமும் சிவப்பு

ஹலோ… ஹலோ, அனோஜா… ஓம் ஓம், நான்தான், லக்ஷன். எத்தினை தரம் எடுக்கிறது உனக்கு?… சரி சரி, வார்ட்டுக்குள்ள போன் கதைக்க விடாயினம்தான்… இப்ப எங்க நிக்கிறாய்?… வெளியில வாங்கில இருக்கிறியோ? பக்கத்தில ஆரும் இருக்கினமே?… மாமி உள்ளுக்கை அப்பாவோடயே? அப்ப இன்னும் கொஞ்சம் அங்கால தள்ளிப் போய் நிண்டு கதை.

உன்ர அப்பாக்கு எப்பிடி?… ம்… ம்… கண் முழிச்சவரே?… கதைச்சவரே எண்டு கேக்கிறன்… ஏன் கோவிக்கிறாய்? நான் கட்டப்போற பிள்ளையின்ர தேப்பன், நான் கேக்கக்கூடாதே?… வரலாம்தான். விட்டால்தானே வாறதுக்கு. நாளைக்கு வெளிநாட்டுக்காரர் வாறாங்கள். ட்ரைவர் இல்லாத வான் எங்கட ஆக்களின்ர வாகனங்களுக்கு நடுவில எப்பிடி ஓடுதெண்டு முள்ளியவளைச் சந்தியில நிண்டு பாக்கப் போறாங்கள். சந்தி லைட்டுக்கு நேரம் போடுறது நான் ஒருத்தன். நான் அங்க வந்து வாங்கில குந்திக்கொண்டிருந்தா இஞ்ச ஆர் செய்யிறது?

பொலிஸ் வந்ததோ?… என்ன கேட்டவங்கள்?… நீ என்ன சொன்னனி?… வடிவா யோசிச்சுச் சொல்லு. லைட்டைப் பற்றி ஏதும்… ஓம்… ஓம்… பின்னேரம் திரும்ப வாறாங்களாமோ. அதுக்குத்தான் எடுத்தனான்.

கேள். இடையில கதையாதை. உன்ர அப்பா சைக்கிளில வந்தவர். பச்சையிலதான் சந்திக்குள்ள உள்ளிட்டவர், இல்லையெண்டு நான் சொல்லேல்லை. பிள்ளையார் வாசல் வந்ததும் இறங்கி, செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டினவர்… தெரியும், அந்த இடத்தில எல்லாரும் இறங்கித்தான் போறவை. என்ர வீட்டிலயும் இறங்கித்தான் போறவை. கோயில் வாசல் நடுச்சந்தியைப் பாத்துக்கொண்டு இருந்தா அதுக்கு நான் என்ன செய்யிறது?… அவர் உருட்டிக்கொண்டு நிக்கைக்க மற்றப் பக்கம் பச்சை விழுந்திட்டுது. வானுக்குப் பச்சை வாறது முன்னமே தெரியும், அந்தக் கணமே எடுக்கும். எடுத்தது, அவரைக் கண்டது, நிண்டிட்டுது. மிசினுக்கு இருக்கிற புத்தியைப் பார். பக்கத்தில நிண்ட டிப்பர் லொறிக்காரன் லைட்டைப் பாக்கேல்லை, வானைப் பாத்திருக்கிறான். வான் வெளிக்கிட, தானும் வெளிக்கிட்டான். வானுக்கு அங்கால ஆள் நிக்கிறது அவனுக்கு மறைச்சுப் போச்சு, அடிச்சுப் போட்டான். இதில என்ர பிழை எங்க?

… என்ன?… திரும்பச் சொல்லு.

… ஓம். ஓம், குறைச்சனான். ஒரு பக்கம் சிவப்பு விழுந்து மற்றப் பக்கம் பச்சை விழ முன்னம், எல்லாப் பக்கமும் சிவப்பா நிக்கிற நேரம் ஒண்டு இருந்தது. அதை எடுத்திட்டன். உனக்கு ஆர் சொன்னது? நான்தானே. சந்தோசத்தில வந்து சொன்னனான், பார், என்ர வாய்க்கு அடிக்கோணும்… வான் சும்மா நிண்டு நிண்டு போகுது, வாற ஆக்களுக்கு வடிவா இராது எண்டு எங்கட ஒபிஸ் பெரியவர் சொன்னவர். எப்பிடிச் சரிப்படுத்தினனான் எண்டு அவருக்குத் தெரியாது… ஓம், நீ சொன்னனிதான். சைக்கிளை உருட்டிற ஆக்களுக்கு நேரம் காணாது எண்டு சொன்னனி. நான் சிரிச்சனான். பள்ளிக்கூடத்தில பாலர் வகுப்புக்குப் படிப்பிக்கிற உனக்கு லைட்டைப் பற்றி என்ன தெரியும்?… இப்ப நீ சொன்னது சரியாப் போச்செண்டு மாலை போட்டு விடோணுமே?

ஒரு நிமிசம், பொறு… அண்ணை, அங்கால லைட்டையும் பாருங்கோ… ஓம், மஞ்சள் கொஞ்சம் கூட நிண்டாப் பரவாயில்லை, நிக்கட்டும்… ஹலோ, ஓம், சொல்லு… என்ன செய்யிறனோ? பழைய நேரத்தைத் திருப்பிப் போடுறன். றோட்டுக்கு அங்கால நிக்கிற வேலைக்கார அண்ணைக்கும் ஏனெண்டு தெரியாது. இனி ஆர் வந்து பாத்தாலும் எல்லாம் சரியா இருக்கும். மாத்தினது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். விளங்குதே?

அதால, பின்னேரம் பொலிஸ் வந்தா, அப்பா சிவப்பிலதான் உள்ளிட்டவர் எண்டு சொல்லு… அவர் பொய் சொல்ல மாட்டார் எண்டு எனக்கும் தெரியும், அதுதான் உன்னைச் சொல்லச் சொல்லுறன். அவருக்குக் கண் மங்கல், நிறம் பிடிபடாது எண்டு சொல்லு… மங்கல் இல்லையோ? வயது போன மனுசன், மங்கல் எண்டால் ஆர் நம்பமாட்டினம்?… எடியே, விசர்க்கதை கதையாதை. நேரத்தைக் குறைச்சது நான் எண்டு வெளியில வந்தா வேலை மட்டுமே போகும்? என்னை உள்ளுக்குப் போடுவாங்கள்.

… அப்பிடியோ. நீதி நியாயம் கதைக்கிறியோ. சரி, நானும் கதைக்கிறன். ஆவணியில கலியாணம் எண்டு என்ர அம்மாவை ஓம் எண்டு சொல்ல வைக்க நான் என்ன பாடு பட்டனான் தெரியுமே? மலையில இருந்து வந்து குடியேறின ஆக்கள், எங்களுக்குச் சரிவராது எண்டு ஒற்றைக் காலில நிண்ட மனுசி. நான் வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், அவா இண்டைக்கே பொங்கல் பொங்குவா. பேந்து நீ என்ன செய்வாய்? இவ்வளவு காலமும் என்ர மோட்டச்சைக்கிளில திரிஞ்ச பிள்ளையை முள்ளியவளையில ஆர் கட்டப் போறான்?… அழு. அழுதிட்டு யோசி… வெருட்டேல்லை. உள்ளதைச் சொல்லுறன்.

ஆர் உங்க கத்துறது?… ஆஸ்பத்திரி எண்டால் ஆரும் கத்தத்தான் செய்வினம், நீ தள்ளி வா… இஞ்ச பார், நான் உன்னில கோவத்தில சொல்லேல்லை. கலியாணம் முடிஞ்சா நீ இருக்கப் போறது என்ர வீட்டில. நான் நல்லா இருந்தாத்தானே நீ… ஹலோ? கேக்குதே?… என்ன, மாமியோ? மாமிக்கு என்ன?… ஏன் ஓடுறாய்? போனை வைச்சிடாதை. காதில வைச்சுக்கொண்டே போ… அனோ… உனக்கு மூச்சு வாங்கிறதுதான் கேக்குது… நேர்ஸ் என்ன சொல்லுறா?… அனோ?

…

எப்ப?… இப்பவோ?

… ஐயோ… அனோ… அழாதை அம்மா… மாமா நல்ல மனுசன். ஒருத்தரோடயும் சண்டை சச்சரவுக்குப் போகாத மனுசன்… ஓம்… ஓம்… நான் வெளிக்கிட்டு வாறன். பந்தல், பெட்டி, ஆக்களுக்குச் சொல்லுறது, எல்லாம் நான் பாக்கிறன். நீ மாமியைப் பிடிச்சுக் கொண்டு இரு. தண்ணி ஏதும் குடுங்கோ அவாக்கு…

அனோ… ஒண்டு மட்டும் சொல்லு. அவர் கண் முழிச்சு ஒருத்தரோடயும் கதைக்கேல்லைத்தானே?… பொலிசோட?… ஒரு சொல்லும் இல்லை. ம்… அப்ப நல்லது… இல்லை, நல்லதெண்டு அப்பிடிச் சொல்லேல்லை, பிழையா விளங்காதை. இனி நீ சிவப்பு எண்டு சொன்னா, இல்லையெண்டு சொல்ல ஆள் இல்லை. உனக்கும் லேசு. அவருக்கும் இனி அதால ஒரு கரைச்சலும் இல்லைத்தானே… அனோ, பின்னேரம் பொலிசுக்கு அப்பிடியே சொல்லுவாய்தானே?…

என்ன?… எத்தினையோ? என்ன எத்தினை?… ஓ, லைட்டிலயோ… இப்ப ஏன் அது உனக்கு?… சரி சரி, சொல்லுறன். மூண்டு செக்கன்… ஓம், மூண்டுதான் எடுத்தனான்… ஓம் எண்டு சொல்லுறன்தானே, மூண்டு… ஏன் கேக்கிறாய்? ஆருக்குச் சொல்லப் போறாய்?

அனோ?… ஹலோ… ஹலோ…