எங்கும் போகாத படிக்கட்டு

படைத்துக் காத்துப் பரிபாலிக்கும் வல்லவனின் பெயரைச் சொல்லி வாய் திறக்கிறேன்.

அன்போடும் அதட்டலோடும் இந்த அவையை ஆண்டுகொண்டிருக்கும் தலைவி றாஹிலா அவர்களே! எங்களுக்காக ஒரு பிற்பகல் முழுதும் தன் நெல் ஆலையின் இரைச்சலை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பிரதம அதிதி சுபியான் ஹாஜியார் அவர்களே! வீரமுனையிலிருந்து பழைய சைக்கிளில், பழைய பழக்கத்தில், கூட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே வந்திறங்கிய என் முன்னாள் தபால்காரர் புண்ணியமூர்த்தி ஐயா அவர்களே! முன்வரிசையை முத்துமுத்தாய் அலங்கரிக்கும் மூத்தோரே! மடியில் பேரப்பிள்ளையும் மனதில் பெரும் யோசனையுமாய் வந்திருக்கும் மதிப்புக்குரிய தாய்மாரே! ‘பொம்புளையள்ட கூட்டம்தானே’ என்று வாசலுக்கு வெளியே நின்றபடி, ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்மக்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் சொரியட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்!

என்ன, பதில் இவ்வளவு மெல்ல வருது? அசர் தொழுது தேத்தண்ணி குடிச்ச சனம்தானே நீங்க? ஆ... இப்ப சரி. இது சாய்ந்தமருதுச் சத்தம்.

அன்பர்களே, நான் சபூறா. முப்பத்துநான்கு வருடம் தபாலகத்தில் முத்திரை குத்தி, தபாலதிபராக ஓய்வுபெற்றவள். இன்று ஒரு கேள்விக்கு விடை சொல்லும்படி தலைவி என்னை இங்கே ஏற்றியிருக்கிறார். முதுமைக்கு நாமே சேர்ப்பது நல்லதா? அரசாங்கம் தருவதை நம்பி இருப்பது நல்லதா?

இது பட்டிமன்றத்துக்கு வைத்த கேள்வி அல்ல, தாய்மாரே. இந்தச் சங்கத்தில் ஐம்பத்திரண்டு பெண்கள் ஒன்பது வருடமாகச் சேர்த்த பணம் இந்த மாதம் முதிர்கிறது. அவரவர் பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு போவதா, அல்லது பணத்தைச் சங்கத்திலேயே விட்டுவிட்டு, வயது போனவர்கள் மாதாமாதம் பங்கு பெறுவதா? இந்தப் பணத்தில் நெல் வாங்கி அரிசியாக விற்றுத்தான் சங்கம் நடக்கிறது. பாதிக்கு மேற்பட்டோர் மொத்தமாக எடுத்தால் நெல் வாங்க முதல் இராது. நெல் இல்லாவிட்டால் மாதப் பங்கும் இராது. இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை உயர்த்தப்போகிறீர்கள். அதற்கு முன் என் கதையைக் கேளுங்கள்.

அரசாங்கம் தருவதை அற்பமென்று சொல்ல நான் வரவில்லை. எப்படிச் சொல்வேன்? முதியோர் கொடுப்பனவை என் கையாலேயே எண்ணிக் கொடுத்தவள் நான். கொடுப்பனவு நாளில் கடற்கரைப் பக்கத்திலிருந்து நஸீம் காக்கா வருவார். ஆயுள் முழுதும் தோணியில் போனவர். அன்றைக்கு மட்டும் மடிப்புக் கலையாத சட்டை, மணக்க மணக்க அத்தர். நான் ஒருநாள் கேட்டேன்: “என்ன காக்கா, இந்தக் கொஞ்சக் காசுக்கு இவ்வளவு சோடினையா?” அவர் சொன்னார்: “மிஸ், இது காசு எண்டு வாங்க நான் வரல்ல. இந்த மனிசன் இன்னும் உயிரோட இரிக்கான் எண்டு சர்க்காருக்குத் தெரியுதே, அந்த மரியாதைக்கு வாறன்.”

அந்த மரியாதையை மறுக்காதீர்கள். விண்ணப்பத்தை நிரப்புங்கள். வரிசையில் நில்லுங்கள். வரவேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அதே நஸீம் காக்கா மூக்குக்கண்ணாடி உடைந்தபோது என்ன செய்தார் தெரியுமா? ஏழு மாதம் ஒற்றைக் கண்ணாடியோடு வந்தார். மரியாதை இருந்தது. மறுகண்ணுக்குக் கண்ணாடி வாங்க வழி இருக்கவில்லை.

யார் அது? கொஞ்சம் பெலத்துச் சொல்லுங்க புள்ள. ‘பென்சன் எடுக்கிற உங்களுக்குக் கதைக்க லேசிதானே ராத்தா’வா? நல்லாக் கேட்டாய் மகள்! உன் வாய்க்குச் சீனி போட வேணும். நான் செய்த பிழையே அதுதானே!

எனக்குப் பென்சன் உண்டு. ஆனால் என் வீட்டுக்காரர் அதாவுல்லாவுக்கு? அவர் ஹாஜியாரின் ஆலையில் லொறி ஓட்டியவர். அவருக்கு மாதப் பென்சன் கிடையாது. ஐம்பத்தைந்து வயதில், சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது. அன்று அந்த மனிதர் என்னிடம் வந்து சொன்னார்: “முஸ்பிறாட உம்மா, இதத் தொடாம வெச்சிருப்பம். நமக்கும் வயசு போகும்தானே?”

நான் சிரித்தேன். ஓம், இந்த வாயால்தான் சிரித்தேன். “எனக்குப் பென்சன் வரும். அது ரெண்டு பேருக்கும் சோறு போடும். நீங்க நம்மட மகள் முஸ்பிறாவுக்கு மேல்மாடியக் கட்டுங்க” என்றேன்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயருக்கு. உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் இரண்டு அறைக்குள் ஒதுங்குவோம். அதில் எனக்குக் குறையே இல்லை. பெண்ணின் தலைக்கு மேல் ஒரு கூரையைக் கொடுத்து அனுப்பும் ஊர் எங்கள் ஊர் என்று எங்கும் பெருமையாகச் சொல்வேன். ஆனால் கூரை போதாதென்றேன் நான்! கூரைக்கு மேல் இன்னொரு கூரை வேண்டுமென்றேன்! ஏன்? எதிர்வீட்டில் மேல்மாடி எழும்பிவிட்டது. அவர்கள் மாடியில் நின்று நம் முற்றத்தைப் பார்ப்பதா? நாம் அண்ணாந்து அவர்களைப் பார்ப்பதா?

பார்த்தேன் நான்! பாவம் அந்த மனிதர், பதினேழு வருடம் சேர்ந்த பணத்தைப் பறித்து மேசன் கையில் கொடுத்தேன். படிக்கட்டு எழும்பியது. பளபளவென்று கைப்பிடி வந்தது. பதினெட்டாம் படியோடு பணம் முடிந்தது. மேல்மாடி வரவேயில்லை. இன்றைக்கும் என் மகள் வீட்டில் அந்தப் படி ஏறினால் ஆகாயத்துக்குத்தான் போகலாம். நாலு மூலையிலும் கம்பிகள் நிற்கின்றன. படிகளில் மிளகாய் காய்கிறது. பூனை குட்டி போடுகிறது. என் மருமகன் பஸால் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரேயொரு தரம் ஏறியிருக்கிறார். அன்டனா கட்ட!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். என் வீட்டுக்காரரும் சிரிக்கிறார், பாருங்கள், அந்தத் தூணடியில். சிரிக்கிற மனிதர்தான் அவர். ஆனால் 2022 இல் நான் சிரிக்கவில்லை.

அந்த வருடத்தை யார் மறப்பார்? பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, சமையல் கேசுக்கு வரிசை! என் பென்சன் ஒரு மாதமும் தவறவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது வாங்கும் பொருள் மாதாமாதம் சுருங்கியது. அவருக்குச் சீனி வருத்தம். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியில் வாங்கு என்றார்கள். ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவரைக் காணவில்லை. எங்கே போனார்? அறுபது வயதுவரை லொறி ஓட்டிவிட்டு நாலு வருடம் ஓய்வாக இருந்த மனிதர், அறுபத்துநாலு வயதில் ஆலைக்குப் போய்த் திரும்பவும் லொறிச் சாவியை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். “சும்மா இருக்கப் பஞ்சியாக் கிடக்கு” என்றார். எனக்கு முன்னால் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அன்று நான் அழுதேன், தாய்மாரே. என் பிழையை நினைத்து அழுதேன்.

என்ன புண்ணியமூர்த்தி ஐயா, கை உயர்த்துறீங்க? கேளுங்க. ‘அந்த வருசம் சேத்து வெச்சவனுக்கும் காசு கரைஞ்சுதானே மிஸ் போச்சு?’ என்கிறார். ஓம் ஐயா, கரைந்தது. பொய் சொல்ல மாட்டேன். பெட்டியில் பூட்டியவர் பணமும் கரைந்தது, வங்கியில் போட்டவர் பணமும் கரைந்தது. ஆனாலும் ஐயா, தோய்த்துச் சுருங்கிய சாரத்தையாவது இழுத்து உடுக்கலாம். இல்லாத சாரத்தை எப்படி உடுப்பது?

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தச் சங்கத்தின் பணம் கரைந்ததா? வட்டி நமக்கு வேண்டாம் என்று றாஹிலா அன்றே ஒரு வழி கண்டார். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறைப் பக்கத்து வயல்களில் நெல் வாங்கினார். ஹாஜியாரின் ஆலையில் அவித்துக் குற்றுவித்தார். கல்முனைச் சந்தையில் அரிசியாக விற்றார். அரிசி விலை ஏறியபோது பெண்களின் பங்கும் கூடவே ஏறியது. இதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த வருடமே ஓடோடி வந்து சேர்ந்தேன். முதல் ஐந்து வருடமும் றாஹிலா கூப்பிட்டபோதெல்லாம், ‘எனக்குப் பென்சன் இரிக்கி கா’ என்று கழுத்தை வெட்டிக்கொண்டு போனவள் நான்!

அன்பர்களே, இப்போது நான் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன்? போன கார்த்திகை மழையில் இந்தச் சங்கத்தின் நெல்லை ஏற்றி என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்த லொறி, நிந்தவூருக்கு இப்பால் வாய்க்காலுக்குள் இறங்கியது. லொறி வாய்க்காலில், அவர் வரம்பில். மூட்டைக்கு மேல் மூட்டையாக நெல் நனைய, அவர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். ‘என்ன நடந்த?’ என்று கேட்டேன். ‘றோட்டு வளையிற தெரியல்ல புள்ள’ என்றார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் மறுகிழமை சாவியோடு திரும்பவும் புறப்பட்டார். மருந்துச் செலவு இருக்கிறதே!

ஜெனூபா! மூன்றாம் வரிசையில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டால் எனக்குத் தெரியாதா? காலையில் என் வாசலில் வந்து என்ன சொன்னாய்? ‘ராத்தா, என்ட பங்க மொத்தமா எடுக்கப் போறன். புள்ளைட வீட்டுக்குப் படி கட்ட வேணும். படி இல்லாட்டி மாப்பிள வீட்டாக்கள் என்ன சொல்லுவாங்க?’ என்றாய். நீ மட்டுமா? இங்கே பாதிப் பேரின் மனதில் ஒரு படிக்கட்டு எழும்பிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் பேசுவார்கள். மறுநாள் வட்டிலப்பம் தின்றுவிட்டு மறந்துவிடுவார்கள். உன் முழங்கால் மறக்குமா? உன் மருந்துக்கடை மறக்குமா? அரசாங்கம் தருவது சோறு என்றால், நாம் சேர்த்தது கறி. வெறும் கறியைத் தின்று வாழவும் முடியாது. வெறும் சோற்றை விழுங்கவும் முடியாது. இரண்டும் வேண்டும், பெண்களே! இரண்டையும் விடாதீர்கள்! மகளுக்கு வீட்டைக் கொடுங்கள், மனதைக் கொடுங்கள், மறுக்காமல் எல்லாம் கொடுங்கள். உங்கள் முதுமையை மட்டும் மேசனிடம் கொடுக்காதீர்கள்!

கைதட்டல் போதும். இனி ஒரு காரியம் செய்யப்போகிறேன். தலைவி என்னை மன்னிக்க வேண்டும். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

இஞ்சாருங்க... முஸ்பிறாட வாப்பா! தூணடியில ஒளியாம முன்னுக்கு வாங்க. வெக்கப்படாதீங்க, நம்மட சனம்தான். வழி விடுங்க புள்ளையள். ஆ, அந்த இடுப்பில தொங்குறது என்ன? கழற்றுங்க. ஓம், இப்பதான். ஹாஜியார்ட கையில குடுங்க.

என்ன சொல்றீங்க? ‘வாக்கெடுப்பு முடியட்டுமே, எல்லாரும் காச எடுத்திட்டா மறுகா என்ன செய்யிற?’ என்கிறார், அன்பர்களே! நியாயமான பயம். என் மாதப் பங்கு வந்தால்தான் அவருடைய மருந்து வரும். உங்கள் கைகள் உயராவிட்டால் அது வராது. தெரிந்துதான் சொல்கிறேன். இந்த ஊர்ப் பெண்களை எனக்கு முப்பத்துநாலு வருடம் தெரியும். குடுங்க நீங்க.

கொடுத்துவிட்டார்! ஹாஜியார், பத்திரம், நல்ல கண்ணுள்ள இளம் சாரதியாகப் பாருங்கள். தாய்மாரே, சகோதரிகளே, எங்கள் இருவரின் முதுமையும் இந்த நிமிடத்திலிருந்து உங்கள் கைகளில் இருக்கிறது. நான் கெஞ்சவில்லை. நம்பிக்கையோடு நிற்கிறேன்.

என்ன ஜெனூபா, கை உயருது? வாக்கெடுப்பு இன்னும் தொடங்கல்ல கா! மாதப் பங்குக்கா? உண்மையாத்தானா? அடி என்ட புள்ள! இறக்காத, இறக்காத. அப்படியே பிடி. பின்னாலயும் கைகள் எழும்புது... றாஹிலா, எண்ணத் தொடங்குங்க, எனக்குக் கண்ணெல்லாம் நனைஞ்சு ஒண்டும் தெரியுதில்ல.

என் நீண்ட பேச்சைப் பொறுத்த தலைவிக்கும், சாவியை முகம் சுளிக்காமல் வாங்கிய ஹாஜியாருக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட புண்ணியமூர்த்தி ஐயாவுக்கும், பன்னிரண்டு வருடமாக அந்தப் படிக்கட்டை ஒருதரமேனும் சொல்லிக்காட்டாத என் வீட்டுக்காரருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கூட்டம் முடிந்து நாங்கள் இருவரும் நடந்துதான் வீட்டுக்குப் போகிறோம். வழியில் காண்பவர்கள் ஸலாம் சொல்லுங்கள். அவர் இனி நின்று பதில் சொல்ல நேரம் உள்ள மனிதர். வஸ்ஸலாம்!