கறை தங்காத வாசல்

தார் போட்ட தரையில் எண்ணெய்க் கறை விழுந்தால் பலரும் மண்ணெண்ணெயைத் தேடுகிறார்கள். அது தப்பு. கறையோடு சேர்த்துத் தாரையும் இளக்கிவிடும். கறைமேல் அடுப்புச் சாம்பலைக் கொட்டி, அது எண்ணெயைக் குடிக்கும்வரை விட வேண்டும். பிறகு கூட்டித் தள்ளிவிட்டு, சீயக்காய்த் தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். நீங்கள் வாசலைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் வீட்டுக்காரர் பெரியண்ணன் ரோடு காண்ட்ராக்டர். தர்மபுரியில் தார் வாசல் போட்ட முதல் ஆள் அவர்தான். அவருடைய லாரிகள் நின்று கசிந்த கறையை எல்லாம் வருஷக்கணக்கில் தேய்த்தவள் நான். எஞ்சின் எண்ணெய் கறுப்பாக நடுவில் சொட்டும். பிரேக் எண்ணெய் சக்கரத்தை ஒட்டி, தண்ணீர் மாதிரி விழும். மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன்.

அவர் போன பிறகு எனக்கென்று இருந்தது மகள் பாஞ்சாலி மட்டும்தான். வெளியே கட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. மொரப்பூர்ப் பக்கத்துப் பையன் மாரப்பனை வீட்டோடு மாப்பிள்ளையாக எடுத்தேன். வீட்டுக்காரரின் அம்பாசிடரையும் அவனுக்கே கொடுத்தேன். குறை சொல்ல முடியாத பையன். அவளை எந்நேரமும் சிரிக்க வைப்பான். கொஞ்சம் அதிகமாகவே.

எழுபத்திரண்டில், தை மாதம், வடக்கே பிலாயில் அவனுக்கு வேலை கிடைத்தது. பாஞ்சாலி அன்றே பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். நான் இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் இருக்கத் தெரியாது. தலைகூட நான்தான் பின்னிவிட வேண்டும். அது அவளுக்கே புரியவில்லை.

அந்த வாரம் முன்சக்கரத்தின் ஓரம் ஒரு கறை பார்த்தேன். விரலால் தொட்டு மோந்தேன். சாம்பல் எடுத்து வந்து போட்டேன். வண்டியை நான் தொடவே இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மாரப்பனுக்கு ஒரு பழக்கம். வண்டி எடுக்கும் முன் குந்தி உட்கார்ந்து அடித்தரையைப் பார்ப்பான். சொட்டு இல்லையென்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று கிளம்பிவிடுவான். அவன் எழுந்து வருவதற்குள் தினமும் தரையைத் துடைத்துக் காயவிட்டுவிடுவேன்.

ரயில் டிக்கெட் வாங்கச் சேலம் கிளம்பிய அன்று என்னிடமே கேட்டான்.

"பிரேக் கொஞ்சம் கீழ எறங்குதுங்க அத்தை. எண்ணெ ஏதாச்சும் சொட்டுச்சுங்களா?"

"இல்லீங்களே மாப்பிள்ளை. வாசலப் பாருங்க, எப்படிக் கெடக்குது."

பார்த்தான். அவனுக்குத் திருப்தி. சேலம் போகிறவன் தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அப்போதுதான் பாஞ்சாலி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "நானும் போயிட்டு வரேம்மா. வூட்டுலயே கெடந்து என்ன பண்றது?"

தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பாள். "பாத்துப் போயிட்டு வா கண்ணு" என்றேன். கேட்டைச் சாத்திவிட்டு வந்து உலை வைத்தேன். இரண்டு பேருக்குத்தான் அரிசி போட்டேன்.

மாரப்பன் கணவாயிலேயே போய்விட்டான். பாஞ்சாலி பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மூன்று வருஷமாக நான்தான் குளிப்பாட்டுகிறேன், தலை பின்னுகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் உறவுக்காரர் ஒருவரின் ஜீப் நின்ற இடத்தில் சாம்பல் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து கேட்டாள். "அன்னைக்கும் இப்படித்தான் போட்டியாம்மா?"

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பால் ஊற்ற வரும் மாயவனிடம் சொல்லி, அவள்தான் உங்களை வரவழைத்திருக்கிறாள். தெரியும்.

ஆமாம், தெரிந்தேதான் துடைத்தேன். உங்களோடு வரத் தயார். போகும் முன் அவளுக்கு ஒருமுறை தலை பின்னிவிட்டு வருகிறேன். கதவை உள்ளே தாழிட்டிருக்கிறாள், எப்படித்தான் எட்டிப் போட்டாளோ. நீங்கள் சொன்னால் திறப்பாள். கொஞ்சம் சொல்லுங்கள் ஐயா, நான் இல்லாமல் அவளுக்கு இருக்கத் தெரியாது.